மவுண்ட் ரோட்டில் நின்ற குழல்வாய்மொழி

ஏழாம் அத்தியாயம்
(இசக்கியப்பன் ஒரு வேடிக்கை பேசி, பேசாமலே இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டது)

“தலையத் துவட்டாம நிக்கா பாத்தியளா அய்யா” என்றாள் குருவம்மாள். விடிந்ததிலிருந்து இதை எத்தனை தடவை சொல்லிவிட்டாள் என்று எண்ணுவதை இசக்கியப்பன் விட்டுவிட்டான். “கூட ஒரு பொம்பள இருந்தா இப்பிடி விடுவாளா? ஈரம் ஆகாது அவளுக்கு. ஒடனே சளி புடிச்சிரும்.”

அவள் கையில் ஒரு போட்டோ. போட்டோவில் அவளுடைய ஒரே மகள் குழல்வாய்மொழி. மகளுக்குப் பின்னால் மெட்ராஸ் பட்டணத்து மவுண்ட் ரோடு.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடையத்துக் குருவம்மாளுக்கு, இனிப் பிள்ளை ஏது என்று ஊரார் கைவிட்ட வயதில் பிறந்தவள் குழல்வாய்மொழி. முந்தின வருஷம் தை மாதம் அவளை வாசுதேவநல்லூர்த் தளவாய்க்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஆவணி முடிவதற்குள் பெண்ணைக் காணோம். “சொல்லாம கொள்ளாம ஓடிட்டா” என்றான் தளவாய். ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. அடித்துக் கொன்று மலையில் எங்கோ போட்டுவிட்டான் என்றுதான் பேச்சு. போலீஸ் அவனைப் பிடித்து உருட்டி மிரட்டிப் பார்த்தது. உடம்பு கிடைக்கவில்லை. அதனால் ஊரை விட்டு நகரக்கூடாது, தினம் ஸ்டேஷனுக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்று கட்டிப்போட்டு வைத்தது.

அப்படி அவன் கட்டுண்டு கிடந்தபோதுதான், இந்த வைகாசியில், மெட்ராஸ் முத்திரை குத்திய உறையில் இந்தப் போட்டோ குருவம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மகள் உயிரோடு இருக்கிறாள்! குருவம்மாள் ஓடினாள் ஸ்டேஷனுக்கு. ‘மருமகப்பிள்ளை மேலே பழி போட்டோமே, பாவிகளே, விடுங்கள் அவரை’ என்று அழுது, கைநாட்டும் வைத்தாள். போலீஸ் அவனை விட்டது. ‘நான் போய்த் தேடி அழைத்து வருகிறேன் அத்தை’ என்று அவனும் மெட்ராஸுக்குப் புறப்பட்டுப் போனான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனவே குருவம்மாளே புறப்பட்டுவிட்டாள். இன்று சாயங்காலம் தென்காசியில் ரயில். துணைக்குத் துப்பறியும் தில்லைநாயகமும் அவருடைய ஆள் இசக்கியப்பனும்.

தில்லைநாயகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மவுண்ட் ரோட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ரொம்பக் காலம் துப்பறிந்தவர். தானே தீ வைத்துவிட்டுத் தீப்பிடித்தது என்று கையைப் பிசையும் முதலாளிகளைப் பிடிப்பது அவருக்கு வேலை. மூச்சிழுப்பு வந்து, கடல் காற்று ஆகாது என்று டாக்டர் விரட்டியதால் சொந்த ஊரான தென்காசிக்கு வந்துவிட்டார். உடம்புதான் வந்தது. வாயைத் திறந்தால் மவுண்ட் ரோடு. துரைசானிகளுக்குத் தொப்பி தைக்கிற கடையாம், பியானோ விற்கிற கடையாம், வாசலில் குழாய் வைத்து நாளெல்லாம் பாட்டுப் போடுகிற கிராமபோன் கடையாம். மாடியில் நாடக ஒத்திகை நடக்குமாம், கீழே மோட்டார் கார் விற்குமாம். எதிர்வரிசையில் சித்திரக்காரர்கள் படங்களை மாட்டிவைத்து, வெள்ளைக்காரன் தலையை ஆட்டமாட்டானா என்று காத்து நிற்பார்களாம். “வியாபாரமும் வித்தையும் ஒரே ரோட்ல தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கும்லே” என்பார். இசக்கியப்பன் மெட்ராஸைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ரோட்டில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று அவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

இந்தப் போட்டோவைப் பார்த்ததும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். “இதுதான் மணிக்கூண்டுக் கட்டிடம். இது கிராமபோன் கடை. இது டிராம் திரும்புத எடம். மவுண்ட் ரோடுதான், சந்தேகமே இல்ல” என்று சப் இன்ஸ்பெக்டரிடம் அடித்துச் சொன்னவர் அவர்தான். அந்த வாக்கை நம்பித்தான் போலீஸ் தளவாயின் கட்டை அவிழ்த்துவிட்டது.

“ஆச்சி, நீங்க போய் மூட்டையக் கட்டுங்க” என்றார் தில்லைநாயகம். “நாங்க ஒரு எட்டு குத்தாலத்துக்குப் போயிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருதோம். படத்த மட்டும் தாங்க.”

குருவம்மாளுக்குக் கொடுக்க மனசில்லை. முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். “மழையில நனைஞ்சிராமப் பாத்துக்கிடுங்கய்யா” என்றாள்.

*

குதிரை வண்டி மேலகரம் தாண்டியது. சாரல் பொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆடி மாதம் அல்லவா, தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ரோடு முழுக்க எண்ணெய் மினுங்கும் முதுகுகளும் ஈரத் துண்டுகளும்தான்.

“ரயிலப் பிடிக்கிறத விட்டுட்டு அருவிக்குப் போறோம். குளிச்சிட்டுப் போனாத்தான் மெட்ராஸ்ல உள்ள விடுவாங்களோ அண்ணாச்சி?” என்றான் இசக்கியப்பன்.

இவன் முன்பு ஒரு நாடகக் கம்பெனியில் பபூன். கம்பெனி முதலாளி எப்படி நடப்பார் என்று மேடையில் நடந்து காட்டினான். முதலாளி முன்வரிசையில் இருந்தார். அன்றோடு வேலை போயிற்று. வாய் மட்டும் இவனை விட்டுப் போகவில்லை.

“படத்துக்கு அடியில பாத்தியா?” என்றார் தில்லைநாயகம். “ஸ்டூடியோ பேரு அச்சடிச்சிருக்கிற எடத்தக் கத்திரிச்சு எடுத்திருக்கு. மவுண்ட் ரோட்ல எத்தன ஸ்டூடியோன்னு நினைச்ச? ஒவ்வொண்ணாப் போயி ஏறி எறங்கணும். ஏசுவடியான் நம்ம ஊர்ல பழைய போட்டோக்காரன். அட்டையத் தடவிப் பாத்தே எந்த ஸ்டூடியோ அட்டைன்னு சொல்லிருவான்.”

“பேரை யாரு கத்திரிச்சா?”

“அந்தப் பிள்ளையாத்தான் இருக்கும். தேடி வந்துருவாகன்னு பயந்திருப்பா.”

“பயந்த பிள்ள போட்டோ எதுக்கு அனுப்புதா? தேடி வாங்கன்னு மாலை போட்டு அழைக்காப்ல இருக்கே.”

தில்லைநாயகத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. “ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா” என்றார். அவருடைய மனசு ஏற்கெனவே ரயிலில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டது. திரும்பவும் அந்த ரோட்டில் நடக்கப் போகிறோம் என்கிற சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

இசக்கியப்பன் போட்டோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பாவம், சின்னப் பெண். கருகருவென்று தலைமுடி, நுனியில் ஒரு சின்ன முடிச்சு. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பின்னால் மணிக்கூண்டு, கடைகள், டிராம். எல்லாம் கொஞ்சம் மங்கல்தான். ரோடு போய் முடிகிற இடத்தில், மூலையில், அதைவிட மங்கலாக… வண்டிக்கு முன்னால் மேகம் இறங்கித் தெரிந்த குற்றால மலையை ஒரு தடவை பார்த்தான். போட்டோவை ஒரு தடவை பார்த்தான். வாய் சும்மா இருக்குமா?

“மெட்ராஸ்லயும் சாரல் தொடங்கிட்டு போல அண்ணாச்சி. மலையில மஞ்சு எறங்கிட்டு பாருங்க” என்றான்.

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. “என்னலே சொன்ன?”

“மஞ்சு. மலை மேல.”

“எந்த மலை?”

“இந்தா, ரோட்டுக்குக் கடைசியில இருக்கே. ஏன், மெட்ராஸ்காரன் மலைக்கு வேற பேரு வச்சிருக்கானா?”

தில்லைநாயகம் போட்டோவைப் பிடுங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். மழை விழுந்துவிடாமல் தொப்பியை எடுத்து அதன் மேலே கவிழ்த்துக்கொண்டு, தன் தலை நனைய நனையப் பார்த்தார்.

“ஏலே இசக்கி” என்றார். “மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் பாலம்லே. பாலம் தாண்டுனா ஆகாசம்தான். இந்த மாதிரி மலை மெட்ராஸ்ல எங்கயும் கிடையாது.”

“அதெப்பிடி? தெருன்னா கடைசியில மலை இருக்காதா?” இசக்கியப்பன் நிஜமாகவே கேட்டான். தென்காசியில் பிறந்தவனுக்கு, எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை. மலை தெரியாத தெருவை அவன் மனசால் கூட நினைத்துப் பார்த்ததில்லை.

“மாசக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்கேன்லே இந்தப் படத்த. ஆச்சி பாத்தா. எஸ்.ஐ. பாத்தாரு. வக்கீல் பாத்தாரு. கடையத்துல பாதி ஊரு பாத்துட்டு. ஒருத்தருக்கும் தோணலையே! அங்கன வருசக்கணக்கா கெடந்த எனக்குமா தோணல?” அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தெனம் எந்திரிச்சா இந்த மலை மூஞ்சியிலதான முழிக்கோம். இருக்கவேண்டிய எடத்துல இருக்குன்னு கண்ணு தாண்டிப் போயிட்டு.”

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். “வெரசாப் போ” என்று அவனை அதட்டினார் தில்லைநாயகம். தான் ஒரு வேடிக்கைதானே பேசினோம் என்று இசக்கியப்பன் நினைத்துக்கொண்டான்.

*

ஏசுவடியானின் போட்டோக் கூடாரம் பெரிய அருவிக்குப் போகும் பாதையில், எண்ணெய் தேய்ப்பவர்கள் வரிசைக்கு அடுத்தாற்போல் இருந்தது. குளித்து எழுந்த கூட்டம் நேரே அங்கே வந்து விழும். ஈரத்தலையோடு, எண்ணெய் மினுங்கும் நெற்றியோடு படம் எடுத்துக்கொண்டால்தான் குற்றாலத்துக்கு வந்துபோனதற்கு அத்தாட்சி என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம்.

உள்ளே நுழைந்த இசக்கியப்பன் அப்படியே நின்றான்.

சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று விறைத்துப்போய் நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் மணிக்கூண்டு. கிராமபோன் கடை. டிராம். ரோட்டின் முடிவில் மஞ்சு இறங்கிய மலை. காற்று ஒன்று வீசியது. மவுண்ட் ரோடு முழுவதும் மேலும் கீழுமாக ஆடி அடங்கியது.

“படுதா” என்றான் இசக்கியப்பன். “தெரு சீன் படுதா!”

அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ராஜா சீன், காடு சீன், தெரு சீன் என்று இதே மாதிரிப் படுதாக்களுக்கு முன்னால் நின்று வருஷக்கணக்கில் கூத்தடித்தவன். என்ன செய்வது, பபூனுக்கு முகம் ஜனங்களைப் பார்த்து. முதுகுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று அவன் எந்த நாள் திரும்பிப் பார்த்தான்?

“வாங்க அண்ணாச்சி, வாங்க!” கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார் ஏசுவடியான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனுஷர். “படுதாவப் பாக்கியளா? சாரல் வந்துட்டா நாடகக் கொட்டகை எல்லாம் நனைஞ்சு கெடக்கும், ஆட்டம் கிடையாது. சும்மாக் கெடக்கிற சீனக் கம்பெனிக்காரன் என்கிட்ட விட்டுட்டுப் போவான். மெட்ராஸ் போஸ்ட் கார்டு ஒண்ணப் பாத்து வரைஞ்சது. எப்பிடி இருக்கு? நீங்கதான் அங்கன இருந்தவங்க, சொல்லுங்க!”

“மலை எங்கன இருந்து வந்தது வே?” என்றார் தில்லைநாயகம்.

“அதுவா!” ஏசுவடியானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “போன வருசம் படுதா வந்தப்ப மலை இல்ல. ஒருத்தன் முன்னால வந்து நிக்க மாட்டேன்னுட்டான். ‘என்ன வே, தெரு முடிவுல ஒண்ணுமில்லாம வெறிச்சுனு கெடக்கு, பாக்கவே நல்லால்ல’ங்கான். பெயிண்டர் அப்துல் ஜப்பாரக் கூட்டியாந்து ஒரு மலைய வச்சு, அதுக்கு மேல ரெண்டு இழுப்பு மஞ்சும் இழுக்கச் சொன்னேன். பொறவு பாக்கணுமே கூட்டத்த!”

இசக்கியப்பனுக்கு மண்டையில் ஒன்று பளிச்சிட்டது. தில்லைநாயகத்தின் கையைப் பிடித்து உலுக்கினான். “அண்ணாச்சி! அப்பம் அந்தப் பிள்ள மெட்ராஸுக்கே போகல. இங்கன நின்னுல்லா படம் எடுத்திருக்கா! இந்தப் பக்கந்தான் எங்கயோ இருக்கா! ஆச்சி ரயிலேறவே வேண்டாம்!”

அவன் வாசலுக்குத் திரும்பிவிட்டான். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. தில்லைநாயகம் நகரவில்லை. போட்டோவை ஏசுவடியான் கையில் கொடுத்தார்.

“இது எப்பம் எடுத்தது?”

ஏசுவடியான் பார்த்தார். “நம்ம படம்தான். ஆனா இது ரெண்டு பேரு நின்ன படமாச்சே?” என்றார்.

கூடாரத்தின் மூலையில் மரப்பெட்டி. அதில் நெகட்டிவ் கண்ணாடிப் பிளேட்டுகள் காகிதம் சுற்றி அடுக்கியிருந்தன. போன சீசன் என்று ஒரு கட்டைப் பிரித்துத் தேடி, ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நிறம் மாறி, வெள்ளைத் தலைமுடியும் கறுத்த முகமுமாக இரண்டு பேர். ஒன்று குழல்வாய்மொழி. அவளை ஒட்டி, தோளில் துண்டோடு நிற்பவன் தளவாய்.

“புதுசாக் கல்யாணமானவுக” என்றார் ஏசுவடியான். “போன வருசம் ஆனி கடைசி. குளிச்ச ஈரத்தோட வந்தாவ. அந்தப் பிள்ள படுதாவத் தொட்டுத் தொட்டுப் பாக்கா. ‘மெட்ராஸ் இப்பிடியா இருக்கும்? நெசமா இப்பிடியா இருக்கும்?’ன்னு ஒரே கேள்வி. அவன் ‘ஒரு நாளு கூட்டிட்டுப் போறேன், பாரு’ன்னான். அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம்.”

“அவ ஒத்தையா நிக்குத இந்தப் பிரதி?”

“அது பொறவு. புரட்டாசியில என் தென்காசிக் கடைக்கு அவன் மட்டும் வந்தான். பொண்டாட்டி மட்டும் தெரியணும், நான் வேண்டாம், அடியில கடைப் பேரும் வேண்டாம்னான். தன்னையே வெட்டி எடுக்கச் சொன்ன ஆம்பளைய நான் இப்பந்தான் பாக்கேன். என்னடான்னு கேட்டேன். ‘அவ பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா, மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும்’னு கண்ணத் தொடச்சான். எனக்கே கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி, கேட்டியளா.”

ஆவணியிலேயே அவளைக் காணோம். புரட்டாசியில், போலீஸ் கட்டிப்போடுவதற்கு முன்னால், இவன் வந்து அவளுடைய முகத்தை மட்டும் வெட்டி வாங்கிப் போயிருக்கிறான். மெட்ராஸில் தபால் பெட்டியில் போட ஒரு கூட்டாளி கிடைக்காமலா போவான்? உயிரோடு இருக்கிற மனைவியை நிஜமாகத் தேடுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு?

இசக்கியப்பன் வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே எவனோ எண்ணெய்க்காரன் ‘வாங்க சாமி, உடம்பு பிடிச்சு விடுதேன்’ என்று கூவிக்கொண்டிருந்தான். சங்கரன்கோவில் குடும்பம், எடுத்து முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

*

சப் இன்ஸ்பெக்டர் அருவிக் கூட்டத்தைக் காவல் பார்க்க அங்கேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். தில்லைநாயகம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணாடிப் பிளேட்டையும் காட்டினார். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

“சாட்சி நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆளு எங்க?”

“மெட்ராஸ் போலீஸுக்குத் தந்தி அடிங்க.”

“அவன் மெட்ராஸுக்கா போனான்? தூத்துக்குடியில கொழும்புக் கப்பல் ஏறிட்டான். போன வாரமே எனக்குச் சேதி வந்துட்டு. அங்கன இருந்து எந்தச் சீமைக்குப் போனானோ. பொண்டாட்டி உசுரோட இருக்கான்னா புருசன் கப்பலேறுனா நான் என்ன செய்ய முடியும்? தடுக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் ஏது?”

“அவ உசுரோட இல்ல சார்!”

“அப்ப உடம்பக் காட்டுங்க.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. குடையைச் சாய்த்து மேலே பார்த்தார். மஞ்சு மூடிய மலை. அதற்குப் பின்னால் இன்னொரு மலை. அதைத் தாண்டித் திருவிதாங்கூர்க் காடு. “இதுல எங்கன போயித் தேடுவேன், சொல்லுங்க? தினம் முகம் காட்டணும்னு அவனைக் கட்டித்தான வச்சிருந்தேன். அந்த அம்மா வந்து என் காலப் பிடிச்சிச்சு. நீங்க வந்து ‘மவுண்ட் ரோடுதான், நான் அங்கன இருந்தவன்’னு மேசையைத் தட்டிச் சொன்னிய. நான் மெட்ராஸ் போனதில்ல. நம்பிட்டேன்.”



வண்டி தென்காசிக்குத் திரும்பியது. இசக்கியப்பன் சும்மா இருந்து தில்லைநாயகம் பார்த்ததே கிடையாது. அவரே தாங்க முடியாமல், “ஏதாவது பேசுலே” என்றார்.

“காலையில பேசுனதே போதும் அண்ணாச்சி” என்றான் அவன்.

“நீ என்ன செஞ்ச? நீ ஒண்ணும் செய்யல. அது மவுண்ட் ரோடு இல்லாம இருந்திருந்தா எனக்கு அப்பமே சந்தேகம் வந்திருக்கும்லே. எவனோ ஒழுங்கா வரைஞ்சு தொலைச்சிருக்கான். கடைக்குக் கடை அப்பிடியே இருந்துது. பாத்த ஒடனே எனக்கு மூளை கழண்டு போச்சு.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஆச்சிகிட்ட எப்பிடிலே சொல்லுதது?”



*

குருவம்மாள் ஸ்டேஷனுக்கு எப்போதோ வந்துவிட்டாள். ரயிலும் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் இடம் இருந்தும், இவர்கள் இருவரும் வந்து உட்கார வேண்டுமே என்று பொதுப் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு பேருக்குத் துணி விரித்து இடம் பிடித்து வைத்திருந்தாள்.

“வந்துட்டியளா! எங்க விட்டுட்டுப் போயிருமோன்னு எனக்கு உசிரே இல்ல. எந்தக் கடைன்னு சொன்னாரா போட்டோக்காரரு?”

தில்லைநாயகம் பெட்டியில் ஏறவில்லை. பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்லத் தொடங்கினார். நல்ல மனுஷர், ஒன்றையும் மறைக்கவில்லை. படுதாவைச் சொன்னார், மலையைச் சொன்னார்.

“மலை இருக்கத்தான செய்யும்?” என்றாள் குருவம்மாள். “ஊருன்னு இருந்தா மலை இருக்காதா? இதுக்குப் போயா மொகத்தத் தொங்கப் போட்டிருக்கிய?”

“இல்ல ஆச்சி. அங்க மலை கிடையாது.” அவர் பிளேட்டைச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து நின்றதைச் சொன்னார். புரட்டாசியில் தளவாய் தனியாக வந்ததையும், கொழும்புக் கப்பலையும் சொன்னார். சொல்லி முடித்து, “படத்த அவதான் அனுப்புனான்னு நெனச்சோம். அவ அனுப்பல ஆச்சி” என்றார்.

குருவம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பெட்டியிலிருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த அம்மாள் ஒரு கூச்சல் போட்டு அழுதுவிட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

“படத்தக் கொண்டாங்க” என்றாள் அவள்.

கொடுத்தார். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி பேசினாள்.

“அய்யா, ஸ்டேஷன்ல போயி அவன விடுங்கன்னு அழுதது நானு. கைநாட்டு வச்சது இந்தக் கையி. நீங்க சொல்லுத மாதிரி எம்மவ செத்துப் போயிருந்தா, அவளக் கொன்னவனக் கப்பலேத்தி அனுப்பி வச்சது யாரு? பெத்தவ நாந்தான?”

“ஆச்சி, அது உங்க மேல இல்ல. நான்தான் மவுண்ட் ரோடுன்னு…”

“ஆமா, நீங்கதான் சொன்னிய. எந்திரிச்சு நின்னு, ஒவ்வொரு கடையாத் தொட்டுத் தொட்டுக் காட்டுனிய. இப்பம் வந்து இல்லங்கிய.” அவள் தலையை ஆட்டினாள். “எனக்கு அன்னைக்குச் சொன்னதே போதும். அவ இருக்கா. இருந்தாகணும் அய்யா. இல்லைன்னா நான் எப்பிடி இருப்பேன்?”

தில்லைநாயகம் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. எத்தனையோ பேரின் பொய்யைப் பேசிப் பேசியே உடைத்தவர். இறங்குங்கள் என்று சொல்லலாம். இறங்கி எங்கே போவாள்? கடையத்தில் வெறும் வீடு. அங்கே உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாளா?

மணி அடித்தார்கள்.

“அந்த ரோட்ல எந்த எடத்துல நின்னா எல்லாரும் கண்ணுல படுவாங்க?” என்று கேட்டாள் குருவம்மாள். “அது மட்டும் சொல்லுங்க.”

இசக்கியப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகம் நனைந்திருந்தது. சாரல் பிளாட்பாரக் கூரைக்குள் வரவில்லை.

“எழும்பூர்ல எறங்கி வண்டி பிடிச்சு, மணிக்கூண்டுன்னு சொல்லுங்க” என்றார் தில்லைநாயகம். “அதுக்கு நேர் எதிர்ல கிராமபோன் கடை. பாட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கும். அந்த வாசல்ல நெழல் உண்டு. அங்கன நின்னா டிராம்ல எறங்குத ஆளு எல்லாம் உங்களத் தாண்டித்தான் போகணும்.”

“எல்லாரும் தெரிவாங்களா?”

“தெரிவாங்க ஆச்சி.”

“அவளும் தெரிவாள்லா?”

வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார், அப்புறம் ஓடினார். இழுப்பு வந்து பிளாட்பாரக் கோடியில் நின்றுவிட்டார். அதற்குள் இசக்கியப்பன் தொற்றி ஏறிவிட்டான். குருவம்மாள் விரித்து வைத்திருந்த துணியில் போய் உட்கார்ந்தான்.